அருவி, பெக்டரி, அடுப்பு: நம் மலையில் சக்திச் சிக்கனத்தின் கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு இது. ஒரு பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மலையக வரலாறு என்றதும் நாம் பேசுவது மன்னார்ப் பாதையில் நடந்து வந்த கதை, கோப்பிக் காலம், தேயிலைக் காலம், பறிக்கப்பட்ட பிரசாவுரிமை, சம்பளப் போராட்டம். இவை எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்குள்ளேயே இன்னொரு வரலாறும் ஓடுகிறது. இந்த மலையில் எதை எரித்தார்கள், எதைச் சுழற்றினார்கள், எவ்வளவை வீணாக்கினார்கள், அந்த வீணுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற வரலாறு அது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் டுபாயில் நடந்த கொப் 28 காலநிலை மாநாட்டில் உலக நாடுகள் ஓர் இணக்கத்துக்கு வந்தன. சக்தி வினைத்திறன் அப்போது உலகளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் கூடிவந்தது. 2030க்குள் அந்த வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதே அது. வினைத்திறன் என்றால் பெரிய விடயம் ஒன்றுமில்லை. ஒரு கிலோ தேயிலையை உலர்த்த இரண்டு கிலோ விறகு எரித்த இடத்தில் ஒன்றரைக் கிலோவில் அதே வேலையை முடிப்பது. குறைவாக எரித்தால் குறைவான புகை, குறைவான காபனீரொட்சைட்டு. சூரியப் படலுக்கும் காற்றாலைக்கும் முன்னால், மிக மலிவாகச் செய்யக்கூடிய வேலை இதுதான்.

டுபாயில் பேசிய இந்த விடயத்தை நம் மலைத்தோட்டங்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஓரளவு செய்து காட்டின. பிறகு கைவிட்டன. பிறகு பாதி தூரம் திரும்பி வந்தன. ஏன் அப்படி நடந்தது என்று பார்த்தால், இனி என்ன நடக்க வேண்டும் என்பதும் புரியும்.

1. காட்டை எரித்த காலம்

1823இல் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து அடுத்த ஐம்பது வருடங்களுக்கு இந்த மலையின் முதல் எரிபொருள் காடுதான். ஆனால் அதைக் கொண்டு எதையும் சமைக்கவில்லை, உலர்த்தவுமில்லை. மரத்தை வெட்டிச் சரித்து, காயவிட்டு, மலையோடு சேர்த்துத் தீ வைத்தார்கள். சாம்பல் மேல் கோப்பிக் கன்று நட்டார்கள். நூற்றாண்டுகளாக மரங்களுக்குள் சேர்ந்திருந்த காபன் சில நாட்களில் புகையாகப் போனது. அதை அன்று யாரும் செலவாக எழுதவில்லை. காட்டுக்கு விலை இல்லை, ஆகவே எரித்தால் நட்டமும் இல்லை என்பதே அன்றைய கணக்கு.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் தோன்றி, சில வருடங்களில் கோப்பியை விழுத்தியது. டெய்லரின் முதல் ‘பெக்டரி’ அவருடைய பங்களா விறாந்தைதான். மேசையில் கையால் கொழுந்தை உருட்டி, மண் அடுப்பில் கரி போட்டு, அதன் மேல் தட்டில் பரப்பி உலர்த்தினார்.

கரியில் உலர்த்துவது எவ்வளவு வீண் என்பதற்குத் தேயிலை வரலாற்று நூல்களில் ஒரு கணக்கு உண்டு. ஒரு ராத்தல் தேயிலையை உலர்த்த, 8 ராத்தல் நல்ல மரத்தைக் கரியாக்கிச் செலவிட்டார்களாம். மரத்தைக் கரியாக்கும்போதே வெப்பத்தின் பெரும்பங்கு போய்விடும். மீதியும் திறந்த அடுப்பில் நாலாபுறமும் போய்விடும்.

இதை மாற்றியவர்களில் ஒருவர் சாமுவேல் டேவிட்சன். வடகிழக்கு இந்தியாவின் கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டம் செய்தவர். 1881இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ‘சிரோக்கோ’ என்ற பெயரில் உலர்த்தி இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். நெருப்பு ஒரு பக்கம், தேயிலை இன்னொரு பக்கம், நடுவில் சூடான காற்று மட்டும் போகும் முறை அது. கரி தேவையில்லை, நேரடியாக விறகு போதும். எரிபொருள் செலவு பெருமளவு குறைந்தது.

காடு தப்பியதா? இல்லை. உலர்த்துவது மலிவானதும் தேயிலை இலாபமானது. இலாபமானதும் தோட்டங்கள் பரந்தன. பரந்ததும் இன்னும் காடு போனது. டெய்லர் தேயிலை நட இரண்டு வருடங்களுக்கு முன், 1865இல், இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் நிலக்கரி பற்றி இதையேதான் எழுதினார். நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரிப் பாவனை குறையாமல் கூடியது என்று காட்டினார். சிக்கனமான இயந்திரம் மட்டும் போதாது, மிச்சப்பட்டதை என்ன செய்கிறோம் என்பதும் முக்கியம். இந்தப் பாடத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீரில் சுழன்ற பெக்டரிகள்

ரயில் பாதை நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதற்கு முன் மலைக்கு ஏறும் எதுவும் மாட்டு வண்டியிலோ, மனிதர் தலையிலோ, பொதி மாடுகளிலோதான் ஏற வேண்டும். நம் முன்னோரில் பலர் ‘தவளம்’ என்ற அந்தப் பொதிமாட்டு வணிகத்தில் இருந்தவர்கள்தான். அப்படிப்பட்ட மலைக்கு நிலக்கரியை ஏற்றி இயந்திரம் ஓட்டுவது கட்டுப்படியாகுமா?

ஆகவே துரைமார் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தது அருவி. மேலே ஓடையை மறித்து ஒரு சின்ன அணை, மலையோரமாக ஒரு வாய்க்கால், அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் இரும்புக் குழாய், கீழே ஒரு டர்பைன். இங்கிலாந்தில் கெண்டல் நகரிலிருந்த கில்க்ஸ் போன்ற கம்பனிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு டர்பைன்கள் அனுப்பின. டர்பைன் சுழன்றால் பெக்டரியின் கூரைக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புத் தண்டு சுழலும். அந்தத் தண்டிலிருந்து தோல் பட்டிகள் இறங்கி ரோலரையும் சல்லடையையும் ஓட்டும். பல இடங்களில் இடையில் மின்சாரம் என்ற ஒன்றே இல்லை. தண்ணீரின் வேகம் நேராகக் கொழுந்தை உருட்டியது.

பழைய பெக்டரிகள் ஏன் மூன்று நான்கு மாடி உயரத்தில், சுவரெல்லாம் யன்னலாக இருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல. மேல் மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, யன்னலைத் திறந்து, மலைக்காற்றிலேயே வாட்டினார்கள். வெயில் நாளில் அதற்கு எரிபொருள் செலவே இல்லை. மழை நாளில் மட்டும் உலர்த்தியின் மிச்சச் சூட்டை மேலே அனுப்பினார்கள். தூரத்து மலைகளிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டுக் கீழே இறக்கிய தோட்டங்களும் இருந்தன. அதை ஓட்டியது புவியீர்ப்பு மட்டுமே.

இப்படி அருவியால் இயங்கிய சிறு நீர்வலு நிலையங்கள் இலங்கைத் தோட்டங்களில் ஐந்நூறுக்கும் மேல் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று மாநாடு வைத்துப் பேசுவதை அன்று எந்தப் பெயரும் இல்லாமல் செய்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் துரைமார் இயற்கையை நேசித்தவர்கள் என்பதால் இதைச் செய்யவில்லை. காட்டை எரித்ததும் அவர்கள்தான். எரிபொருளுக்குப் பணம் கட்டியவரும், எந்த இயந்திரம் பூட்டுவது என்று முடிவெடுத்தவரும் ஒரே ஆள். ஆகவே ஒவ்வொரு துளி சக்தியையும் எண்ணிப் பார்த்தார். செலவைச் சுமப்பவர் கையில் முடிவு இருந்தால் சிக்கனம் தானாக வரும். இந்தக் கதை முழுவதையும் இந்த ஒரு வரியால் வாசிக்கலாம்.

3. தலைக்கு மேலே போன வெளிச்சம்

அருவியைத் தோட்டத்துக்கு மட்டுமல்ல, நாட்டுக்கே பயன்படுத்தலாம் என்று கண்டவர் டி. ஜே. விமலசுரேந்திர. காலியில் 1874இல் பிறந்த பொறியியலாளர். 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், நம் மஸ்கெலியா ஓயாவையும் கெசல்கமு ஓயாவையும் கொண்டு அபர்டீன், லக்ஷபான அருவிகளில் பெருமளவு மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குக் காட்டினார். நிலக்கரியை இறக்குமதி செய்து நாடு பணத்தை வீணாக்குகிறது என்பது அவருடைய வாதம்.

குடியேற்ற ஆட்சி அதை இழுத்தடித்தது. 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றது. 1931இல் அவர் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இதற்காகப் பேசினார். கடைசியில் 1950இல்தான் பழைய லக்ஷபான நிலையம் 25 மெகாவாட்டுடன் ஓடத் தொடங்கியது. மூன்று வருடங்களில் அவர் காலமானார். 1965இல் காசல்ரீ நீரில் ஓடும் 50 மெகாவாட் நிலையத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். பிறகு பொல்பிட்டிய, புதிய லக்ஷபான, கெனியன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே தண்ணீரை மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு அது. வினைத்திறனுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு மலை கொடுத்த விலையும் உண்டு. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவில், பன்சலை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் தலைகாட்டுவதை நம்மில் பலர் போய்ப் பார்த்திருக்கிறோம். மூன்று சமூகத்தின் வணக்கத் தலங்களும் நாட்டின் வெளிச்சத்துக்காக ஒன்றாக மூழ்கின.

அந்த வெளிச்சம் எங்கே போனது? நோர்ட்டன் பிரிஜிலிருந்து கிளம்பிய மின்கம்பிகள் தோட்டங்களுக்கு மேலாகக் கொழும்புக்குப் போயின. பங்களாவுக்கு வந்தது, பெக்டரிக்கு வந்தது. லயத்துக்கு வரவில்லை. 1948 பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழ் மக்கள் நாடற்றவர்களாகி, வாக்குரிமையும் இழந்த காலமும் அதுதான். கேட்கும் குரல் சபையில் இல்லாதபோது கம்பி ஏன் கீழே இறங்கும்? 1990கள் வரை பெரும்பாலான லயக் காம்பராக்களில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான்.

அந்தக் குப்பி விளக்கை வினைத்திறன் கண்ணால் பாருங்கள். ஒரே அளவு சக்திக்கு, இன்றைய எல்இடி பல்பு தரும் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குகூட அது தராது. ஆக, இந்த மலையில் மிக மோசமான விளக்கை எரித்து, கிடைத்த வெளிச்சத்துக்கு மிக அதிக விலை கொடுத்தவர்கள் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவர்கள். அந்தப் புகையில் படித்து வந்தவர்கள் இன்று நம்மிடையே ஆசிரியர்களாக, தாதிகளாக, கிராம உத்தியோகத்தர்களாக இருக்கிறார்கள்.

4. கழற்றி எறிந்த டர்பைன்கள்

தேசிய மின்சாரம் வந்ததும் தோட்டத்து டர்பைன்கள் தேவையற்றவையாகத் தெரிந்தன. வாய்க்காலைத் துப்புரவாக்க ஆள் வேண்டும், மழையில் குழாய் அடைத்துக்கொள்ளும், கோடையில் நீர் குறையும். சுவிட்சைப் போட்டால் ஓடும் மோட்டாருக்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை. உலர்த்திகள் பலவும் விறகிலிருந்து டீசலுக்கும் உலை எண்ணெய்க்கும் மாறின. எண்ணெய் அப்போது மலிவு. வாட்டும் வேலையும் மாடித் தட்டுகளிலிருந்து பெரிய மின்விசிறிகள் பூட்டிய தொட்டிகளுக்கு வந்தது. வேலை சீரானது, ஆனால் இலவசக் காற்றின் இடத்தில் மின்கட்டணம் வந்தது.

பிறகு 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. மின்கட்டணம் கூடினாலும் குறைந்தாலும் தன் பையிலிருந்து போவதாக யாரும் உணராத அமைப்பு உருவானது. துருப்பிடித்த டர்பைன்கள் புல்லுக்குள் மறைந்தன.

அதே காலத்தில்தான் உலகமும் அடிவாங்கியது. 1973 அரபு இஸ்ரேல் யுத்தத்தை அடுத்து எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. 1979இல் ஈரான் புரட்சியோடு இரண்டாவது அடி. எண்ணெய் வளம் இல்லாத ஜப்பான் அந்த வருடமே சக்திச் சிக்கனத்துக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, தொழிற்சாலைகள் தங்கள் பாவனையை அளந்து குறைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. நம் பெக்டரிகள் என்ன செய்தன? பெரும்பாலானவை எண்ணெயை விட்டு விறகுக்குத் திரும்பின. எரிபொருள் மாறியது, எரிக்கும் பழக்கம் மாறவில்லை. சவுக்கும் யூக்கலிப்டஸும் நட்டது போதாமல், ரப்பர் மரத்தையும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏற்ற வேண்டி வந்தது.

புல்லுக்குள் கிடந்த டர்பைன்களைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்களில் ஒருவர், ஷூமாக்கர் என்ற பொருளியலாளர் 1966இல் பிரித்தானியாவில் தொடங்கிய இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழுவினர். 1970களின் இறுதியிலிருந்து நம் தோட்டங்களின் பழைய நீர்வலு நிலையங்களைத் திருத்தும் வேலையில் இறங்கினார்கள். 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளிடம் போனதும் மின்கட்டணம் மறுபடி ஒருவரின் கண்ணில் படத் தொடங்கியது. 1996இல் டிக் ஓயா என்ற பெயர்கொண்ட, ஒரு மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைந்த தனியார் சிறு நிலையம் தேசிய வலையமைப்புக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியது. அதே 1996இல்தான் மழை பொய்த்து நாடே நீண்ட மின்வெட்டில் இருண்டது. நீரை மட்டும் நம்பியிருந்த நாடு அதன்பின் எண்ணெய்க்கும் பிறகு நுரைச்சோலை நிலக்கரிக்கும் போனது.

5. ஒரு கிலோ தேயிலையின் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பிள்ளைகள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி மூன்றரைக் கிலோவும் தண்ணீர். நன்றாக வாட்டினால் அதில் இரண்டேகால் கிலோ அளவு காற்றோடு போய்விடும். உலர்த்தி வெளியேற்ற வேண்டியது ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.3 மெகா யூல் வேண்டும். ஆக உண்மையில் தேவைப்படுவது மூன்று மெகா யூலுக்குள்.

நம் பெக்டரிகளில் ஒரு கிலோ தேயிலைக்கு எரியும் விறகு, இடத்துக்கு இடம் மாறினாலும், ஒன்றரை முதல் இரண்டு கிலோவும் அதற்கு மேலும். காய்ந்த விறகு ஒரு கிலோ தரும் வெப்பம் ஏறத்தாழ 15 மெகா யூல். அப்படியென்றால் எரிப்பது 22 முதல் 30 மெகா யூல். தேவைப்படுவதைப்போல் ஏழெட்டு மடங்குக்கும் மேல்! கொஞ்சம் மழைநாள் வாட்டலுக்குப் போகும். மீதியில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும், சூடான சுவர் வழியாகவும், ஈர விறகின் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலும் போகிறது.

ஈர விறகு என்பது சின்ன விடயமல்ல. வெட்டிய கையோடு எரிக்கும் விறகின் எடையில் பாதி தண்ணீர். அது தரும் வெப்பம் காய்ந்த விறகின் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். விறகைப் பிளந்து, கூரைக்குக் கீழே சில மாதம் அடுக்கி வைத்தாலே ஒரு பங்கு மரம் வெட்டாமல் மிஞ்சும். இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை, ஒரு தகரக் கூரை போதும்.

மின்சாரத்திலும் அப்படியே. பெக்டரியின் மின்சாரத்தில் பெரும்பங்கு வாட்டும் விசிறிகளுக்குப் போகிறது. கொழுந்து வாட வாடக் காற்று குறைவாகத்தான் தேவை. ஆனால் பழைய விசிறி முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை ஒரே வேகம். விசிறியின் வேகத்தை 20 வீதம் குறைத்தால் அது தின்னும் வலு ஏறத்தாழ பாதியாகும் என்பது பௌதிகம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பூட்டிய பெக்டரிகள் இதைக் கண்கூடாகக் கண்டிருக்கின்றன.

6. யாரும் எண்ணாத அடுப்பு

பெக்டரிக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. லயத்து அடுப்புக்கு இல்லை.

கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு கட்டித் தலையில் சுமந்து வரும் அம்மாமாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். விடியற்காலையில் பெரட்டுக்கு முன் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, நாள் முழுக்க மலையில் நின்று, மாலையில் விறகோடு இறங்கி மறுபடி அதே அடுப்பு. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பானைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூட. மிச்சமெல்லாம் அந்தச் சின்னக் காம்பராவிலும் அந்தத் தாயின் நெஞ்சிலும் போகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் இறந்தவர்கள் 32 இலட்சம் பேர். உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் இப்படிப்பட்ட அடுப்பில்தான் சமைக்கிறார்கள். அந்தக் கரும்புகையும் பூமியைச் சூடாக்கும் பொருள்களில் ஒன்று.

நம் நாட்டில் இதற்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. 1980களில் மின்சார சபையும் மேலே சொன்ன தொழில்நுட்பக் குழுவும் சேர்ந்து ‘அனகி’ என்ற மண் அடுப்பை உருவாக்கின. ஒரு வாயில் விறகு, இரண்டு பானைக்குச் சூடு. குயவர்களே செய்து சந்தையில் விற்கக்கூடிய எளிய பொருள். இலங்கைக் கிராமங்களில் இலட்சக்கணக்கில் பரவியது. விறகும் குறைந்தது, புகையும் குறைந்தது. பெரிய அணையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத செலவு.

ஆனால் லயத்தில் அடுப்படி சரியில்லை என்றால் அதை மாற்றுவது யார்? வீடு குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. காணியும் சொந்தமில்லை. புகைபோக்கி வைக்கச் சுவரில் ஓட்டை போடவும் அனுமதி கேட்க வேண்டும். செலவைச் சுமப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். அருவியைப் பிடித்துப் பெக்டரி ஓட்டிய புத்திசாலித்தனம், நூறு யார் தள்ளியிருந்த அடுப்புக்கு நூற்றைம்பது வருடங்களாக வராமல் போனதற்குக் காரணம் இதுதான். தொழில்நுட்பம் தெரியாமல் அல்ல.

வகுப்பில் இதைப் பேசும்போது ஒரு பிள்ளை கேட்டது: “சேர், எங்கட வீட்டுல இருக்கிறதே ரெண்டு பல்பு. அதுல எதை மிச்சம் பிடிக்கிறது?” நியாயமான கேள்வி. இலங்கையர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலக சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். லயத்துக் குடும்பத்தின் பங்கு அந்த ஒரு தொன்னிலும் எவ்வளவோ கீழே. அவர்களிடம் போய் இன்னும் குறையுங்கள் என்று சொல்வது அநியாயம். இரண்டு பல்புக்காரருக்கு வினைத்திறன் என்றால் அதே காசுக்குக் கூடுதல் வெளிச்சம், அதே சுமை விறகில் இரண்டு நாள் சமையல், புகையில்லாத அடுப்படி. குறைப்பது இருக்கிறவர்களின் கடமை. இல்லாதவர்களுக்குச் சேர வேண்டியது பலன்.

7. ஆகவே நாம் என்ன கேட்க வேண்டும்?

“நம் மின்சாரம் தண்ணீரிலிருந்துதானே வருகிறது, மிச்சம் பிடித்து என்ன பயன்?” என்று சிலர் கேட்பார்கள். நாம் இங்கே ஓர் அலகை மிச்சம் பிடித்தால் அந்தத் தண்ணீர் காசல்ரீயிலும் மவுசாகலையிலும் நிற்கும். வறண்ட மாதத்தில் அதே தண்ணீர் சுழன்றால், நுரைச்சோலையில் அந்த அளவு நிலக்கரியோ, வேறெங்கோ அந்த அளவு எண்ணெயோ எரியாது. ஹட்டனில் அணைத்த விளக்கின் புகை புத்தளத்தில் குறைகிறது.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் போனதும், காஸ் இல்லாமல் நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பியதும் நினைவிருக்கும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது, வீணான ஒவ்வோர் அலகும் யாரோ ஒருவரின் சோற்றுக்காசு என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஓடும் ஆற்றங்கரையில் நின்று வுழூ செய்தாலும் நீரை வீண்விரயம் செய்யாதே என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த மலையில் எந்த மதத்து வீட்டிலும் பெரியவர்கள் சோறு சிந்தினால் கண்டிப்பார்கள். சிக்கனம் நமக்குப் புதிய பாடமல்ல.

ஆனால் இந்த வரலாறு காட்டுவது, நல்ல பழக்கம் மட்டும் போதாது என்பதைத்தான். முடிவெடுக்கும் இடத்தில் செலவைச் சுமப்பவரும் இருக்க வேண்டும்.

ஆகவே பெக்டரிகளிடம் கேட்போம்: ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை கிலோ விறகு, எத்தனை அலகு மின்சாரம் என்று பலகையில் எழுதிப் போடுங்கள். விறகுக்கு ஒரு கூரை போடுங்கள். வெட்டுகிற மரத்துக்கு ஈடாக நடுங்கள். புல்லுக்குள் கிடக்கும் பழைய வாய்க்காலை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

புதிய வீடமைப்புத் திட்டங்களுக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்போம்: வீடு கட்டும்போதே புகைபோக்கியோடு நல்ல அடுப்படி கட்டுங்கள், பிறகு சேர்க்கலாம் என்று விடாதீர்கள். வரைபடம் போடும் மேசையில் சமைக்கிற பெண் ஒருவரை உட்கார வையுங்கள். காணிக்கும் வீட்டுக்கும் உறுதி கொடுங்கள். தன் சுவர் என்று தெரிந்தால் புகைபோக்கியை அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

நகரத்தில் இருக்கும் நம் கடைக்காரர்களிடமும், பள்ளிவாசல், கோவில், தேவாலய, பன்சலை நிர்வாகங்களிடமும், என் சக ஆசிரியர்களிடமும் கேட்கிறேன்: முதலில் நம் கட்டிடங்களின் கட்டணச் சீட்டை எடுத்து ஒரு வருடக் கணக்கைப் பார்ப்போம். பழைய பல்பு, இரவெல்லாம் ஓடும் குளிர்பெட்டி, ஆளில்லாத மண்டபத்தில் எரியும் விளக்கு, இவற்றில்தான் நம் பங்கு இருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் பழைய டர்பைனோ வாய்க்காலோ குழாயோ இன்னும் கிடந்தால் எழுதுங்கள். அதை ஓட்டிய, துப்புரவாக்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நூல்களில் துரைமாரின் பெயர்கள் இருக்கின்றன. அந்த வாய்க்காலை வெட்டிய கைகளின் கதை நம் வீடுகளில்தான் இருக்கிறது.